ரிப்போர்ட் அக்காவின் தலையில் ஒன்றுமில்லை

எங்கள் ஸ்கேன் சென்டரில் பதினெட்டு வருடமாக ரிப்போர்ட் தட்டச்சு செய்பவளை எல்லோரும் ரிப்போர்ட் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். வருகைப் பதிவேட்டில் வேறு ஒரு பெயர் இருக்கிறது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவள் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள். இங்கே நான் அவள் இவள் என்று எழுதுகிறேனே என்று யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம். நேரில் வாங்க போங்கதான். எழுதும்போது மட்டும் இந்தச் சலுகையை நானே எடுத்துக்கொள்கிறேன். எட்டு மாதம் அவளோடு பட்ட பாட்டுக்கு இதுகூட இல்லையென்றால் எப்படி?

நான் முன்பக்கக் கவுன்ட்டரில் இருப்பவள். அவள் உள்ளே எழுதுவாள், நான் வெளியே உறையில் போட்டுக் கொடுப்பேன். உறையைப் பிரிக்கும்போது ஜனங்களின் முகம் போகிற போக்கைப் பார்ப்பது நான் என்பதால் என் வேலைதான் கஷ்டம் என்பேன். டாக்டர் பேசுவதைக் காது கொடுத்துக் கேட்பது தான் என்பதால் தன் வேலைதான் கஷ்டம் என்பாள் அவள். அவள் சொல்வதிலும் நியாயம் உண்டு. எங்கள் ஸ்கேன் டாக்டர் இருட்டறையில் உட்கார்ந்து படங்களைப் பார்த்து ஒலிப்பதிவுக் கருவியில் பேசுவார். ரயிலைப் பிடிக்கப் போகிறவர் மாதிரிப் பேசுவார். வாயில் பாதி நேரம் பிஸ்கட் இருக்கும். பிஸ்கட்டை விலக்கிவிட்டு நோயை மட்டும் எடுத்து எழுதுவதுதான் அக்காவின் திறமை.

இந்தக் கதைக்கு அக்காவின் கீபோர்டில் இருக்கிற எஃப்-ஃபோர் என்கிற பொத்தானைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு தலையில் கோளாறு எதுவும் இல்லையென்றால் டாக்டர் மெனக்கெட மாட்டார். நோயாளியின் எண்ணைச் சொல்லி "நார்மல்" என்று ஒரு வார்த்தை சொல்வார், அவ்வளவுதான். அக்கா எஃப்-ஃபோரை அழுத்துவாள். உடனே திரையில் பதினாலு வரி வந்து விழும். மூளையின் இரு பக்கமும் சமச்சீராக உள்ளன, நீரறைகள் இயல்பான அளவில் உள்ளன, கட்டியோ ரத்தக்கசிவோ காணப்படவில்லை என்று வரிசையாகப் போகும். பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் வேலை இல்லாத ஒரு மத்தியானம் டாக்டர் இதைக் கன்னாபின்னாவென்று சொல்ல, அக்கா வரிசைப்படுத்தி, பிழை திருத்தி, அந்தப் பொத்தானில் ஏற்றி வைத்தாள். அன்றிலிருந்து இந்த ஊரில் பாதித் தலைகளுக்கு அதே பதினாலு வரிதான். அதைப் படித்துவிட்டு என் கவுன்ட்டர் முன்னால் அழுதவர்கள் எத்தனையோ பேர். ஒரு மனுஷன் என் கையைப் பிடித்து முத்தம் கொடுத்துவிட்டுப் போனான். நான் போய்க் கையைக் கழுவிக்கொண்டு வந்தேன்.

அப்படிப்பட்ட அக்காவுக்கே தலைவலி வந்தது. இடது காதுக்கு மேலே இரண்டு விரல் அகலத்துக்கு யாரோ கட்டை விரலை வைத்து அழுத்துகிற மாதிரி இருக்கிறதாம். காலை பதினொரு மணிக்கு ஆபீசுக்கு வருகிற மாதிரி வரும், சாயங்காலம் கிளம்பிவிடும். ஒரு வாரம் இருந்தது, ஒரு மாதம் இருந்தது, பிறகு நிரந்தர ஊழியர் ஆகிவிட்டது.

வேறு யாராவது என்றால் மாத்திரையைப் போட்டுவிட்டு வேலையைப் பார்ப்பார்கள். அக்காவுக்கு நாற்பது வகைக் கட்டிகளின் பெயரைப் பிழையில்லாமல் அடிக்கத் தெரியும். அவை என்ன செய்யும் என்று மட்டும் தெரியாது. இதைவிட மோசமான படிப்பு உலகத்தில் கிடையாது. திங்கட்கிழமை யாருக்கோ மூளை ரத்தக்குழாயில் வீக்கம் என்று அடித்தால் செவ்வாய்க்கிழமை அது அவளுக்கு இருக்கும். புதன்கிழமை வேறொன்று. ஒரு வியாழக்கிழமை ஆண்களுக்கு மட்டுமே வருகிற, தலைக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லாத ஒன்றுகூட வந்துவிட்டது. அதை நான்தான் கழிப்பறைக்குக் கூட்டிக்கொண்டு போய் ரகசியமாக எடுத்துச் சொல்லிப் போக்கினேன்.

கண் டாக்டரிடம் போனாள், புதுக் கண்ணாடி வந்தது. பல் டாக்டரிடம் போனாள், ஒரு பல் போயிற்று. அது நல்ல பல் என்று பிறகு தெரிந்தது. வழக்கமாகப் பார்க்கும் டாக்டர் எல்லாச் சோதனையும் செய்து பார்த்துவிட்டு, ஸ்கேன் எல்லாம் தேவையில்லை, டென்ஷன் ஆகாதீர்கள் என்று சொல்லி அனுப்பினார். அது எப்படி ஆகாமல் இருப்பது என்று யோசித்து யோசித்து அவளுக்கு டென்ஷன் ஏறிற்று. தலையணை மாற்றினாள். ஏழு தலையணை. கடைசியில் வீட்டுக்காரர் தலையணையையும் பிடுங்கிக்கொண்டதால் அவர் துண்டைச் சுருட்டி வைத்துப் படுக்கிறார் என்று கேள்வி.

அவள் வீட்டுக்காரர் கார் ஓட்டக் கற்றுக் கொடுக்கிறவர். அசைக்க முடியாத மனுஷன். ஒரு நாள் அக்காவைக் கூட்டிப்போக வந்தவரிடம், "மாமா, அக்காவுக்கு நீங்களாவது தைரியம் சொல்லக் கூடாதா?" என்று கேட்டேன்.

"என்னம்மா சொல்றது? என் வேலையில பக்கத்து சீட்டுல உக்காந்திருக்கறவங்க தினமும் நாலு தடவை என்னைக் கொல்லப் பாக்கறாங்க. எனக்கு அதுவே பழகிடுச்சு. இவளுக்கு ஒரு தடவைகூட இன்னும் எதுவும் நடக்கல, அதான் பயம்."

"அது தைரியமா மாமா?"

"எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்," என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார்.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற விஷயமாகவே இருந்திருக்கும், அவர்களுடைய ஒரே மகளுக்குக் கால்நடை மருத்துவப் படிப்பில் இடம் கிடைக்காமல் இருந்திருந்தால். கல்லூரி பஸ்ஸில் ஆறு மணி நேரத் தூரம். விடுதியில் தங்க வேண்டும். விடுதிப் படிவத்தில் அப்பா, அம்மா இரண்டு பேருமே கையெழுத்துப் போட வேண்டும், மாதக் கடைசிக்குள் போய்ச் சேர வேண்டும், இல்லையென்றால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும். படிவம் வந்த அன்றைக்கே அப்பா போட்டுவிட்டார். அம்மா போடவில்லை. என் தலைக்குள்ளே என்ன இருக்கிறது என்று தெரியட்டும், பிறகு போடுகிறேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். அறுத்துப் பார்க்கிற நிலைமை வந்தால் பக்கத்தில் பெண் வேண்டாமா என்பது அவள் வாதம்.

மகள் ஒரு நாள் என் கவுன்ட்டருக்கு வந்து குறைப்பட்டாள். "சித்தி, நீங்களாவது சொல்லுங்க. பன்னிரண்டு நாள்தான் இருக்கு."

"நான் சொன்னா கேப்பாங்களா? நீ என்ன சொன்னே?"

"மாடு எங்க வலிக்குதுன்னு வாயத் தொறந்து சொல்லாது, அதைக் கண்டுபிடிக்கத்தான் நான் படிக்கப் போறேன்னு சொன்னேன். அதுக்கு அம்மா, மாடுங்க குடுத்து வச்சதுங்கன்னு சொல்றாங்க."

எனக்குச் சிரிப்பு வந்தது. அந்தப் பெண்ணுக்கு வரவில்லை. அதைப் பார்த்தபோதுதான் விஷயம் எவ்வளவு தூரம் போய்விட்டது என்று எனக்கு உறைத்தது.

இவ்வளவு பேசுகிறாளே, மெஷின் பக்கத்து அறையில்தானே இருக்கிறது, போய்ப் படுத்து எடுத்துக்கொண்டால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். எட்டு மாதம் அவள் கேட்கவே இல்லை. பயம்தான், வேறென்ன. தெரியாமல் இருக்கும்வரை நாற்பதில் எது என்று தெரியாது. தெரிந்துவிட்டால் ஒன்றுதான். கடைசியில் நான்தான் டாக்டர் அறைக்குப் போய் நின்றேன்.

"தேவையே இல்லம்மா," என்றார் டாக்டர்.

"அவங்க தலைக்குத் தேவையில்ல டாக்டர். அவங்க பொண்ணுக்குத் தேவை."

விஷயத்தைச் சொன்னேன். "எடுத்துத் தொலைங்க. அப்புறம் ரெண்டு பேரும் என் ரூம் வாசல்ல வந்து நிக்கக் கூடாது," என்றார். அவளைக் காதைப் பிடித்து இழுக்காத குறையாகக் கொண்டுபோய்ப் படுக்க வைத்தேன். இருபது நிமிடம் அந்த மெஷின் தகரக் கொட்டகையில் கல்லெறிகிற மாதிரிச் சத்தம் போட்டது. வெளியே வந்தவள் என்னிடம், "சத்தம் இடது பக்கம் கொஞ்சம் அதிகமா இருந்துச்சு," என்றாள். நான் கவுன்ட்டருக்கே போய்விட்டேன்.

சாயங்காலம் டாக்டரின் பதிவுகள் வந்தன. மூன்றாவது அவளுடையது. எண்ணைச் சொன்னார், "நார்மல்" என்றார், பிஸ்கட்டைக் கடித்தார். மொத்தம் நாலு நொடி. நான் பக்கத்தில் நின்று இன்னொரு இயர்போனில் கேட்டேன். எனக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது, பொய் சொல்லவில்லை. அவள் தோளைப் பிடித்து உலுக்கினேன். அவளோ கையை மடியில் வைத்துக்கொண்டு திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அடிங்கக்கா. பொத்தானை அழுத்துங்க."

"அழுத்தினா என்ன வரும்?"

"நார்மல்னு வரும்."

"அதை யார் எழுதினது?"

"நீங்கதான்."

"என் தலையைப் பத்தி நானே எழுதி வச்சதை, நானே அடிச்சு, நானே படிச்சு, நானே நம்பணுமா?"

ஊரில் எல்லோருக்கும் நிம்மதி தருகிற அந்தத் தாள் ஒரே ஒருத்திக்கு மட்டும் வெறும் தாள். அது எப்படிச் சமைக்கப்பட்டது என்று அவளுக்குத் தெரியும். பாவமாக இருந்தது. எரிச்சலாகவும் இருந்தது.

இரண்டு நாள் அந்த ரிப்போர்ட் அப்படியே கிடந்தது. அவளுடையது மட்டும் கிடந்திருந்தால் பரவாயில்லை. மற்றவர்களுக்கும் பொத்தானை அழுத்தக் கை வரவில்லை அவளுக்கு. ஒவ்வொரு நார்மலையும் மூன்று முறை கேட்டாள். டாக்டர் குரலில் தயக்கம் ஏதாவது தெரிகிறதா என்று ஆராய்ந்தாள். வெளியே கூடம் நிறைந்து வழிந்தது. ஒன்றுமில்லாதவர்கள் எல்லாம் தங்களுக்கு ஏதோ இருக்கிறது, அதனால்தான் தாமதம் என்று வெளிறிப்போய் உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி என்னிடம் வந்து, "உண்மையைச் சொல்லிடுங்க, நான் தாங்கிக்குவேன்," என்றாள். எனக்குப் பொறுமை போய்விட்டது. நேராக உள்ளே போனேன்.

"அக்கா, உங்களுக்கு வந்ததை ஊருக்கே பரப்பிட்டீங்க. சந்தேகம்னா டாக்டரைக் கேளுங்க. என் கூட்டத்தைக் கொல்லாதீங்க."

கேட்கமாட்டாள் என்று நினைத்துத்தான் சொன்னேன். எழுந்து போய்விட்டாள். நானும் பின்னாலேயே ஓடினேன்.

"டாக்டர், என் ரிப்போர்ட்டை முழுசா சொல்லுங்க."

"சொன்னேனேம்மா. நார்மல்."

"எவ்வளவு நேரம் பாத்தீங்க?"

பதினெட்டு வருடத்தில் இந்தக் கேள்வியை அந்த அறையில் யாரும் கேட்டதில்லை. டாக்டர் பிஸ்கட்டைக் கீழே வைத்தார். "இத்தனை வருஷத்துல நீங்க அடிச்ச நார்மல் எதாவது தப்பாப் போயிருக்கா?"

"தெரியாது டாக்டர். தப்பாப் போனவங்க யாரும் திரும்பி வந்து எங்கிட்ட சொல்லலையே."

கோபப்படுவார் என்று நினைத்தேன். படவில்லை. படங்களைத் திறந்தார், கதவைச் சாத்தச் சொன்னார், முதலிலிருந்து ஆரம்பித்தார். ஒன்பது நிமிடம் இருபது நொடி பேசினார். எங்கள் சென்டரில் கட்டி இருக்கிறவர்களுக்குக்கூட அவ்வளவு நேரம் பேசியதில்லை. அக்கா வந்து உட்கார்ந்து ஒவ்வொரு வார்த்தையாக அடித்தாள். முப்பத்தொரு வரி வந்தது. எல்லாமே நன்றாக இருந்தது, இருபத்திரண்டாவது வரியைத் தவிர.

இடது கன்ன எலும்பின் காற்றறையில் சிறிய நீர்க்கட்டி ஒன்று தற்செயலாகக் காணப்படுகிறது, பொருட்படுத்தத் தக்கதல்ல என்று இருந்தது அந்த வரி. உற்றுப் பார்க்கச் சொன்னால் உற்றுப் பார்க்கிறவனுக்கு ஏதாவது கிடைக்கத்தான் செய்யும். நம்முடைய வீட்டுப் பரணை ஒன்பது நிமிடம் துழாவினாலும் இப்படி ஏதாவது வரும். ஆனால் அவள் கண்ணில் பட்டது இரண்டே வார்த்தை. ஒன்று இடது. இன்னொன்று கட்டி.

மறுபடியும் டாக்டர் அறை. "எனக்குக் கட்டியா டாக்டர்?"

"அது கட்டியே இல்லம்மா, தண்ணிக் கொப்புளம். பத்துப் பேர்ல ஒருத்தருக்கு இருக்கும். எனக்கே இருக்கு."

"உங்களுக்குத் தலை வலிக்குமா?"

"இதுவரைக்கும் வலிச்சதில்ல. இப்ப வலிக்குது," என்றார் டாக்டர்.

காது மூக்கு டாக்டர் ஒருவரிடமும் போய்வந்தாள். அவரும் இதற்கும் தலைவலிக்கும் சம்பந்தமில்லை என்றார். சம்பந்தமில்லையென்றால் தலைவலிக்கு என்ன காரணம் என்று கேட்டாளாம். தெரியவில்லை என்றாராம். பெரிய டாக்டர் ஒருவர் தெரியவில்லை என்று சொன்னதை என்னிடம் வந்து ஒரு குற்றச்சாட்டு மாதிரிச் சொன்னாள். நான்தான் காரணத்தை ஒளித்து வைத்திருக்கிற மாதிரி.

மாதக் கடைசிக்கு முந்தின நாள் காலையில் மகள் சென்டருக்கே வந்துவிட்டாள். படிவத்தை நேரில் கொண்டுபோய்க் கொடுக்க மத்தியான பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். அப்பா வெளியே, கூரையில் எல் பலகை வைத்த காரில் காத்திருந்தார். தட்டச்சு அறையில் இடம் கிடையாது. அம்மா நாற்காலியில், மகள் கதவோரத்தில், நான் எனக்குச் சம்பந்தமில்லாத மாதிரி உறைகளை அடுக்கிக்கொண்டு வாசலில்.

"போடும்மா."

"இன்னும் எதுவும் முடிவாத் தெரியலடி. நீ அங்க இருக்கும்போது எனக்கு ஏதாவது ஆயிட்டா?"

"நீ செத்துப் போனா அப்பா போன் பண்ணுவாரு, நான் வந்துடறேன். ஆறு மணி நேரம்தான்."

நான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். மகள் அதைச் சொன்னபிறகு கதவை இறுகப் பிடித்துக்கொண்டாள். ஆனால் நிறுத்தவில்லை.

"எட்டு மாசமா வீட்ல யாரும் சத்தமா சிரிக்கலம்மா. கதவை மெதுவா சாத்தறோம். உனக்கு வலிக்குதான்னு கேக்கறதுக்கும் பயம், கேக்காம இருக்கறதுக்கும் பயம். நான் ராத்திரி எந்திரிச்சு வந்து நீ மூச்சு விடறியான்னு பாத்துட்டுப் போய்ப் படுக்கறேன். உனக்குத் தெரியுமா?"

அக்காவுக்குத் தெரியாது. அவள் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. உறையைப் பிரிக்கிற முகங்களை ஆயிரக்கணக்கில் பார்த்தவள் நான். கெட்ட செய்தி வந்த முகம் எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியும். அந்த முகம்தான் அது.

கையை நீட்டிப் படிவத்தை வாங்கினாள். மணி பதினொன்றரை. எனக்கு வாய் சும்மா இருக்காது.

"இப்ப வலிக்குதாக்கா?"

"நல்லா வலிக்குது," என்று சொல்லிக்கொண்டே கையெழுத்துப் போட்டாள். பேனா எழுதாமல் போய், என்னிடம் வேறு பேனா வாங்கி, விட்ட இடத்தில் மறுபடி போட்டாள்.

மகள் படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு சிறுகுழந்தை மாதிரி அழுதாள். அக்கா அவள் தலைமுடியை ஒதுக்கிவிட்டு, "பஸ்ஸு போயிடும், ஓடு," என்றாள். காரில் ஏறும்போது அப்பா கேட்டாராம், அம்மா போட்டுட்டாளா என்று. ஆமாம் என்றதும் கிளட்சைத் தவறவிட்டு வண்டியை இரண்டு முறை நிறுத்திவிட்டாராம். இருபது வருடம் மற்றவர்களுக்குக் கற்றுக்கொடுத்தவர்.

தலைவலி போய்விட்டது என்று நான் எழுதினால் உங்களுக்கு நிம்மதியாக இருக்கும். போகவில்லை. வாரத்தில் நாலு நாள் வருகிறது. மற்ற நாட்களில் ஏன் வரவில்லை என்று யோசிக்கிறாள். யோசித்துக்கொண்டே வேலையைச் செய்கிறாள், கூடம் காலியாகிறது. அதற்கு மேல் நான் எதிர்பார்ப்பதில்லை.

மகள் விடுதிக்குப் போய் மூன்று வாரம் ஆகியிருக்கும். சாயங்காலம் கடைசி உறையைக் கொடுத்துவிட்டு அக்கா அறையில் உட்கார்ந்து இரண்டு பேரும் டீ குடித்துக்கொண்டிருந்தோம். மகள் போன் செய்தாள். அறை சின்னது, அந்தப் பக்கம் பேசுவதும் எனக்குக் கேட்டது.

"அம்மா, ரெண்டு நாளா தலை வலிக்குதும்மா. ஒரே பக்கமா."

போயிற்று என்று நினைத்தேன். இனி அந்தப் பெண்ணைப் பஸ் ஏற்றி வரவழைத்து, எங்கள் மெஷினில் படுக்க வைத்து, ஒன்பது நிமிடம் பேசச் சொல்லி டாக்டர் கழுத்தில் உட்காரப் போகிறாள். கையிலிருந்த டீயைக் கீழே வைத்துவிட்டுத் தயாரானேன்.

"தண்ணி குடிக்கறியா?" என்றாள் அக்கா.

"குடிக்கறேன்."

"கண்ணு மங்கலாத் தெரியுதா? வாந்தி வருதா?"

"அதெல்லாம் இல்லம்மா. நாளைக்குப் பரீட்சை. நேத்தும் சரியாத் தூங்கல."

"அதான். புது இடம், புதுப் படிப்பு, தூக்கமும் இல்ல. அதுல ஒண்ணுமில்லடி. ஒரு மாத்திரையைப் போட்டுட்டுப் படு. காலைல சரியாப் போயிடும்."

"நிஜமாவாம்மா?"

"நிஜமாத்தான். எனக்குத் தெரியாததா?" என்று சிரித்தாள். மகளும் அந்தப் பக்கம் சிரித்தாள். வைத்துவிட்டார்கள்.

போனை மேசையில் வைத்தாள். இரண்டு கையையும் சேர்த்து மடிக்குள் இறுக்கிக்கொண்டாள். கண் முட்டிக்கொண்டு வந்தது. நான் நாற்காலியை இழுத்து அவள் பக்கத்தில் போட்டுக்கொண்டேன்.

"அக்கா, அவளுக்கு நிஜமாவே ஒண்ணுமில்லன்னு நம்பறீங்களா?"

"எனக்கு எப்படித் தெரியும்?" என்றாள். "அவ இன்னிக்குத் தூங்கணும்ல."